இடது கால் பிரேக்

பாலு,

உன் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, கவர் மேல் உன் கையாலேயே முகவரி எழுதியிருந்தாய். உள்ளே தனியாக ஒரு வரி இருக்குமோ என்று கவரைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். இல்லை. பரவாயில்லை, உன் இடத்தில் நானாக இருந்தால் கவரே அனுப்பியிருக்க மாட்டேன். அம்மா பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போட்டு, பக்கத்தில் என் பெயரையும் போட்டிருக்கிறாய். அந்த வார்த்தையை அவள் பெயரோடு சேர்த்து அச்சில் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. நான் இன்னமும் உலை வைத்தால் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி மறுநாள் தின்கிற ஆள்.

அன்று மத்தியானமே திண்டிவனத்திலிருந்து உன் அக்கா பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டாள். “பத்திரிகை வந்துச்சாப்பா? பேரு போட்டுட்டான். ஆனா நேர்ல வந்து கூப்புட மாட்டானாம். நான் ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கினு இன்னா பண்றது, சொல்லு” என்றாள். அவளே தொடர்ந்தாள். “ஓசூர்ல அவன் கட்டிக்கப் போற பொண்ணுதான் ஸ்கூட்டி ஓட்டுதாம்பா. இவன் பின்னால உக்காந்துகினு கண்ண மூடிக்கிறானாம். அந்தப் பொண்ணு சிரிச்சிக்கினே சொல்லிச்சி. எனக்குத்தான் சிரிப்பு வரல.” எனக்கும் வரவில்லை. நீ ஒன்றரை வருஷமாக எந்த வண்டியின் கைப்பிடியையும் தொடவில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். ‘தொடாமல் இருப்பதே நல்லது’ என்று அதுவரை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தவன்தான் நான். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை. உன் அம்மாவின் சாவுக்கு நீதான் காரணம் என்று நான் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டா சொன்னேன்? சுடுகாட்டில், ஐம்பது அறுபது ஆம்பளைகள் நிற்க, தொண்டை கிழியச் சொன்னேன். ஊர் முன்னால் போட்ட பழியை ஊர் முன்னால்தான் எடுக்க வேண்டும். அதனால் இதை முதலில் உப்பளத்து ரோட்டு டீக்கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்க்கப் போகிறேன். நீ படிக்கும்போது, உனக்கு முன்னால் மரக்காணம் படித்துவிட்டது என்று தெரிந்துகொள்.

உன் அப்பாவுக்கு எண்ணெய்ப் பைத்தியம் என்று உனக்குத் தெரியும். உப்பளத்தில் ஆயில் இன்ஜின் பார்க்கிறவன் வேறு எப்படி இருப்பான்? நம் பக்கத்துக் காற்றில் இரும்பு ஒரு வாரம் சும்மா இருந்தால் சிவந்துவிடும், ஒரு மாசம் இருந்தால் உதிர்ந்துவிடும். உப்பு வாருவது முடிந்து மழைக்கு முன்னால் பாத்தியை மூடும்போது, மண்வெட்டியிலிருந்து இன்ஜின் போல்ட் வரைக்கும் பழைய ஆயிலைப் பூசி வைக்காவிட்டால் அடுத்த தை மாசம் எதுவும் கைக்கு உதவாது. மற்றவர்கள் வெறும் பழைய ஆயிலைப் பூசுவார்கள். நான் அதில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலப்பேன். எறும்பு வராது, மழையில் சீக்கிரம் கழுவிப் போகாது. அந்த நாற்றத்தை வைத்தே இது மேஸ்திரி கை வைத்த இன்ஜின் என்று ஆட்கள் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு கர்வம்.

அந்தக் கர்வம் வீட்டுக்குள்ளும் வந்தது. கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள், பூட்டு, சைக்கிள் செயின் எல்லாவற்றுக்கும் பூசினேன். உன் ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸுக்குப் பூசி, நீ வரைந்த வட்டமெல்லாம் எண்ணெய்ப் பலகாரம் வைத்த காகிதமாகி, வாத்தியார் உன்னை வெளியே நிற்க வைத்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு தடவை அம்மாவின் அரிவாள்மனைக்கும் பூசிவிட்டேன். அன்றைக்கு வைத்த முருங்கைக்காய்க் குழம்பை அவள் அப்படியே கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து, “எண்ணெ போடத் தெரிஞ்சா மட்டும் போதுமா? எங்க போடக் கூடாதுன்னு தெரிய வேணாம்?” என்று கேட்டாள். நீயும் அக்காவும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அவள் கேட்டதை அன்றைக்கே காதில் வாங்கியிருக்க வேண்டும்.

அடுத்து அந்த மோட்டார் சைக்கிள். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து ஓடுகிற வண்டி. முதலாளி ஜீப் வாங்கியபோது, இது எனக்கு எதுக்கு, நீயே வச்சிக்கோ என்று என்னிடம் தள்ளிவிட்டார். இந்தக் காலத்து வண்டி மாதிரி இல்லை, அதில் எல்லாம் தலைகீழ். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முன் சக்கரப் பிரேக்கை நான் வண்டி வந்த வருஷமே கழற்றிப் போட்டுவிட்டேன். வரப்புக் களிமண்ணில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி வழுக்கி ஆளோடு பாத்திக்குள் போய் விழும். உப்பளத்தில் யாரும் பிரேக்கை நம்பி ஓட்டுவதில்லை. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, வேகம் தானாகக் குறைந்ததும் காலை ஊன்றி நிற்போம். நான் முப்பது வருஷம் அப்படி நின்றவன். பிரேக்கை மிதித்து நிற்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. என் குற்றத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

2004 மார்கழியில் கடல் உள்ளே வந்ததே, அன்று நம் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கடலோரக் குப்பங்களில் பட்டவர்களைப் பார்த்தபிறகு நாம் நஷ்டம் என்று வாய் திறக்கவே கூசியது. ஆனால் கழிமுகம் வழியாக ஏறிய தண்ணீர் பாத்தியெல்லாம் நிரம்பி, இன்ஜின் கொட்டகையில் முழங்கால் உயரம் நின்றது. கொட்டகைக்குள் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள் சக்கரத்துக்குப் பாதிவரை முழுகிக் கிடந்தது. நீ மெட்ராஸ் பக்கம் கம்பெனியில் இருந்தாய். பதறி ஓடி வந்து, நாங்கள் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, மறுநாளே லீவு இல்லை என்று திரும்பிப் போனாய். தண்ணீர் வடிந்ததும் நான் இன்ஜினைப் பிரித்தேன். பொங்கல் வரைக்கும் அதே வேலை. பொங்கல் கழிந்து மோட்டார் சைக்கிளைப் பிரித்தேன். பின் சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் டிரம்முக்குள் உப்புப் பூத்து, துரு ஏறியிருந்தது. சுரண்டினேன், துடைத்தேன், பிறகு என் டப்பாவை எடுத்து, என் கலவையை, அந்த டிரம்மின் உள்சுவர் முழுக்க பிரஷ்ஷால் பூசினேன். பிரேக் கட்டையின் இரும்புக்கும் பூசினேன். டிரம்மில் உரசிப் பிடிக்கிற அதன் லைனிங்கில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. ஊறினால் நல்லது என்று நினைத்திருப்பேன்.

எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்காது என்று சைக்கிள் ஓட்டுகிற ஆளுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த மாசம் ஊரில் எல்லோரும் எல்லா இரும்பையும் பூசிக்கொண்டிருந்தோம். கடல் தொட்ட எதையும் விடக்கூடாது என்ற ஒரே வெறி. துருவை மட்டும் பார்த்தேன், அது பிரேக் என்பதைப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு மாசம் நான் அந்த வண்டியை வரப்பில்தான் ஓட்டினேன், நடக்கிற வேகத்தில். பிரேக்கை ஒரு தடவைகூட அழுத்தி மிதித்த ஞாபகம் இல்லை.

மாசியில் உன் மாமா வீட்டு விசேஷத்துக்குப் பிரம்மதேசம் போக நீ லீவு போட்டு வந்தாய். பஸ்ஸில் போகலாம் என்று அம்மா சொன்னாள். வண்டியில் போங்கள் என்று சொன்னவன் நான். கடல் தண்ணீரில் முழுகியதை எப்படித் தயார் பண்ணி வைத்திருக்கிறேன் என்று அவள் அண்ணன் பார்க்கட்டுமே என்ற நினைப்பு. நீ தெரு முனைவரை ஒரு சுற்றுப் போய்வந்து, “பிரேக்கு கொஞ்சம் பிடிக்காத மாதிரி இருக்குதுப்பா” என்றாய். நான் என்ன சொன்னேன்? “பழைய வண்டி அப்டித்தான்டா இருக்கும். நீ புது வண்டி ஓட்டிக் கெட்டுப் போயிட்ட. இதுல பிரேக்கு இடது கால், மறந்துடாத” என்றேன். அம்மா புடவையைச் சேர்த்துக்கொண்டு, இடது பக்கம் காலைத் தொங்கவிட்டுப் பின்னால் ஏறினாள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் எடுத்துப்போன எலுமிச்சை ஊறுகாயை மடியில் வைத்திருந்தாள். அவளை அப்படி முழுசாகப் பார்த்தது அதுதான் கடைசி.

மற்றது உனக்குத் தெரியும். மதகு வளைவில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் நின்றிருந்தது. எனக்கு ஆள் வந்து சொல்லி, நான் போய்ச் சேர்ந்தபோது உன் சட்டையெல்லாம் ஊறுகாயும் ரத்தமுமாக இருந்தது. நீ என்னைப் பார்த்ததும் சொன்னாய், “பிரேக் பிடிக்கலப்பா. மிதிச்சேன். பிடிக்கல.” நான் அதைக் கேட்கவே இல்லை. மெட்ராஸில் வலது கால் பிரேக் வண்டி ஓட்டுகிற பையன், பதற்றத்தில் இடது காலை மறந்து வலது காலை மிதித்திருக்கிறான்: பார்த்த மாத்திரத்தில் இதுதான் நடந்தது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். கிளம்பும்போது நானே எச்சரித்தேன் இல்லையா? அந்த எச்சரிக்கை எனக்கு எத்தனை வசதியாகப் போயிற்று பார்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் அவள் பதினோரு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் காலை கொஞ்சம் தெளிவாகப் பேசினாள். நீ டீ வாங்கக் கீழே போயிருந்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, “பையன ஒண்ணும் சொல்லாதீங்க. இடது காலாலதான் மிதிச்சான். நான் அந்தப் பக்கம்தான குந்திகினு இருந்தேன்? கால் அடிவரைக்கும் போச்சிங்க. நான் பாத்துகினே இருந்தேன்” என்றாள். பாலு, இதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. பெற்றவள் பிள்ளையைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். சரி சரி, தூங்கு என்றேன். அவள் தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். எனக்கு அவளோடு இருபத்தெட்டு வருஷம் வாழ்க்கை. அதில் அவள் ஒரு பொய் சொல்லி நான் பிடித்ததாக ஞாபகம் இல்லை. அப்படிப்பட்டவள் சொன்னதைத்தான் தள்ளினேன்.

அதற்கப்புறம் சுடுகாடு. தலை மழிக்க நீ உட்கார்ந்தாய். நாவிதர் தண்ணீர் தொட்டுத் தலையில் வைத்துவிட்டார். நான் போய் உன் தோளைப் பிடித்து இழுத்து எழுப்பி, “நீ எடுத்த உயிருக்கு நீயே கொள்ளி வைக்கப் போறியா?” என்று கேட்டேன். நீ அங்கேயும் சொன்னாய், மெதுவாக, “பிரேக் பிடிக்கலப்பா” என்று. கொள்ளிச்சட்டியை உன் பக்கத்திலிருந்து எடுத்து உன் சித்தப்பா மகன் கையில் கொடுத்தேன். பெற்ற மகன் ஈரத்தலையோடு வேலிகாத்தான் ஓரமாக நிற்க, அவன் வைத்தான். யாரும் என்னைத் தடுக்கவில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனைத் தடுக்க யாருக்கு மனசு வரும்? அன்று சாயங்காலமே நீ போய்விட்டாய். பதினாறாம் நாளுக்கும் வரவில்லை. முதல் திதிக்கும் வரவில்லை. வராதே என்று சொன்னவனே, பார் வரவில்லை என்று குறையும் சொன்னேன்.

அப்புறம் இந்த வீட்டில் நான் மட்டும். வேலைக்குப் போகிற நாள் பரவாயில்லை. இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதான் கொடுமை. பேச ஆள் இல்லாமல் வாய் கட்டிக்கொள்ளும். கடைக்குப் போய் ஏதாவது கேட்டால் என் குரலே எனக்குக் கரகரப்பாக இருக்கும். வேண்டாத சாமானுக்கு விலை விசாரித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன், கடைக்காரர் பதில் சொல்வாரே என்று. வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கொட்டகை மூலையில் தள்ளியிருந்தேன். அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன்.

பத்திரிகை வந்தபிறகு, மருமகள் என்று ஒருத்தி என்றாவது இந்த வாசல் மிதித்தால் அந்த வண்டி இங்கே நிற்கக் கூடாது என்று தோன்றியது. பெரிய முதலியார்சாவடியில் பழைய வண்டிகளைச் சேர்த்து வைக்கிற ஒருவர் முன்பே கேட்டிருந்தார். சொல்லி அனுப்பினேன், வந்து பார்த்தார். “ஹேண்டில் மட்டும் நிமித்திக்குடுங்க சார், நானே ஓட்டிக்கினு போயிடறேன்” என்றார். அவர் போனபிறகுதான் யோசித்தேன். ஓட்டிக்கொண்டு போகிறவர் பிரேக்கை மிதிப்பாரே, ஒன்றரை வருஷம் சும்மா கிடந்த பிரேக் எந்தக் கதியில் இருக்கிறதோ, இன்னொரு வீட்டில் இழவு விழக் கூடாது. சரி, கழற்றிச் சரிபண்ணியே கொடுப்போம் என்று போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன்.

அச்சு நட்டைத் திருகி, செயினைக் கழற்றி, சக்கரத்தை உருவித் தரையில் படுக்க வைத்தேன். பிரேக் தட்டைத் தூக்கினேன். உள்ளே துரு அடை அடையாக இருக்கும் என்று உப்புத்தாளும் கையுமாகத் தயாராக இருந்தேன். ஒரு பொட்டுத் துரு இல்லை. டிரம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒன்றரை வருஷம், இந்த உப்புக் காற்றில்! நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். என் கலவையை அடிச்சுக்க ஆளே இல்லை என்று வாய்விட்டே சொன்னேன். பெருமையாக விரலை உள்ளே விட்டுத் தடவி, மூக்கருகே கொண்டுபோனேன். வேப்பெண்ணெய்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டையை எடுத்து விரலால் அழுத்தினேன். லைனிங்கிலிருந்து எண்ணெய் கசிந்து மணிக்கட்டுவரை வழிந்தது. எதிர் வீட்டுக்காரர் வந்து, “இன்னா மேஸ்திரி, கையில அடி கிடி பட்டுடுச்சா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

உன் அப்பன் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. இந்த எண்ணெய் இருந்தும் பிரேக் கொஞ்சமாவது பிடித்திருக்கலாம், நீ சரியாக மிதித்திருந்தால் நின்றிருக்கலாம் என்று ஒரு வாதம் உள்ளே எழுந்தது. அதையும் பார்த்துவிடுவோம் என்று, ஹேண்டிலை நிமிர்த்தி, அதே கட்டையை, எண்ணெயைத் துடைக்காமல், அப்படியே திரும்ப மாட்டினேன். மறுநாள் விடிந்ததும் வண்டியைக் கிளப்பிக் காலி மைதானத்துக்குப் போனேன். ஆள் இல்லை. மூன்றாவது கியரில் வேகம் எடுத்து, இடது காலை அடிவரைக்கும் அழுத்தினேன். பெடல் போயிற்று. வண்டி நிற்கவில்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பாதத்தின் கீழே எதுவுமே இல்லாத மாதிரி ஒரு வெறுமை. கடைசியில் வேலிகாத்தான் முள்ளுக்குள் போய்த்தான் நின்றேன். கையெல்லாம் கீறல். அந்த முள்ளுக்குள் உட்கார்ந்து, ஐம்பத்தெட்டு வயசில், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். நீ அன்றைக்குக் கண்டது இதுதானே? பின்னால் அம்மாவை வைத்துக்கொண்டு இதைக் கண்டாயே என்று நினைத்து அழுதேன்.

அப்புறம் ஒழுங்காகச் செய்தேன். திண்டிவனம் போய்ப் புதுக் கட்டை, புது லைனிங் வாங்கி வந்தேன். டிரம்மைப் பெட்ரோலில் இரண்டு தடவை கழுவி, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, உப்புத்தாள் போட்டேன். டப்பாவைக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். கட்டை டிரம்மின் நடுவில் சரியாக உட்கார வேண்டுமென்றால் ஒரு ஆள் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொரு ஆள் அச்சு நட்டை இறுக்க வேண்டும். முன்னெல்லாம் அம்மாதான் மிதிப்பாள். “மிதிக்கிறது நானு, மேஸ்திரின்னு பேரு உங்களுக்கா?” என்று கேட்டுக்கொண்டே மிதிப்பாள். இப்போது யாரைக் கூப்பிடுவது? எதிர் வீட்டில் கேட்டால் வந்திருப்பார்கள். கேட்க மனசு வரவில்லை. அரை மூட்டை உப்பைக் கயிற்றில் கட்டிப் பெடலில் தொங்கவிட்டு, நான் நட்டை இறுக்கினேன். உப்பு மூட்டை ஒரு வார்த்தை பேசாமல் மிதித்துக்கொண்டு நின்றது. பிள்ளையைத் துரத்திவிட்டவனுக்கு வேறு என்ன துணை கிடைக்கும்?

நேற்று அதே ரோட்டில் பிரம்மதேசம் பக்கம் போனேன். மதகு வளைவுக்கு முன்னால் மூன்றாவது கியரில் இடது காலை மிதித்தேன். மதகுச் சுவருக்கு இரண்டு ஆள் நீளம் முன்னால் வண்டி நின்றது. இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது, பாலு. ஒரு சுத்தமான துணி, கொஞ்சம் பெட்ரோல், ‘பிடிக்காத மாதிரி இருக்குது’ என்று மகன் சொன்னால் இறங்கு, பார்க்கிறேன் என்று சொல்ல ஒரு வாய். மதகின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அவளோடு பேசினேன். நீ சொன்னது நிஜம் என்று சொன்னேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகக் கண் மூடியிருப்பாள்.

பெரிய முதலியார்சாவடிக்காரர் இன்று காலை வந்தார். வண்டி கொடுப்பதற்கில்லை என்றேன். “சரின்னு சொல்லிட்டு இப்ப இப்டிப் பேசறீங்களே சார்” என்று கோபித்துக்கொண்டார். என் பையன் வந்து சொல்லட்டும் என்றேன். உடைத்துப் போடச் சொன்னாலும் சரி, கடலில் தள்ளச் சொன்னாலும் சரி, நீ சொல்வதுதான். அதை முடிவு செய்கிற உரிமை எனக்கு இல்லை.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு அப்பா நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் உன் அம்மா தலையைக் கொடுத்து வாங்கியது. வீட்டில் ஒருத்தி ‘நான் பார்த்தேன்’ என்று சொன்னால், அவள் பாசத்தில் பேசுகிறாள், கோபத்தில் பேசுகிறாள் என்று காரணம் தேடாதே. அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், அங்கிருந்து என்ன தெரியும் என்று பார். அந்தப் பெண்ணின் ஸ்கூட்டியை ஒரு தடவை வாங்கி ஓட்டு. கண்ணை மூடாதே. உனக்கு ஓட்டத் தெரியும். அன்றைக்கும் தெரிந்திருந்தது.

பத்திரிகையில் என் பெயரை ஊருக்காகப் போட்டிருந்தால், நான் வராமலே இருந்துகொள்கிறேன். வா என்று சொன்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருவேன். மன்னிப்பு என்று கேட்க எனக்கு வாய் இல்லை, கேட்டுப் பெறுகிற சாமானும் இல்லை அது. ஆனால் வருகிற மாசியில் அம்மாவின் திதி. உன் சித்தப்பா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். “பெரியப்பா, அன்னைக்கே எனக்குக் கை கூசிச்சி. அவனக் கூப்புடுங்க. நான் அவன் பின்னால நிக்கிறேன்” என்றான். பிண்டம் வைக்க வேண்டியது நீ. தண்ணீர் விட வேண்டியது நீ. நான் வேலிகாத்தான் ஓரமாக நிற்கிறேன், நீ நின்ற இடத்தில்.

கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். உள்ளே பாலித்தீன் கவரில் சுற்றி அந்தப் பழைய பிரேக் கட்டை இரண்டும் இருக்கும். துடைக்கவில்லை. பிரித்து முகர்ந்து பார். அந்த நாற்றம் யாருடைய கையிலிருந்து வந்தது என்று உனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்ணிடமும் காட்டு. இனி யாராவது உன் அம்மா எப்படிப் போனாள் என்று கேட்டால், தலையைக் குனியாமல் எடுத்துக் காட்டு.

நீ மூன்று தடவை சொன்னாய். வாசலில் ஒரு தடவை, ரோட்டில் ஒரு தடவை, சுடுகாட்டில் ஒரு தடவை. நான் இப்போதுதான் சொல்கிறேன். நீ மிதித்தாய். அம்மா பார்த்தாள். பிரேக் பிடிக்கவில்லை.

அப்பா
மரக்காணம், 2006 ஆடி